பிடரி மேடு

நாலு மணிக்குள் ரிப்போர்ட்டை அடித்து மேஜையில் வைத்துவிடு, வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் அருணகிரி கோர்ட்டுக்குக் கிளம்பும்போது மணி ஒன்றே முக்கால். இப்போது இரண்டு பத்து. அவரிடம் தடயவியல் மருத்துவம் மேல்படிப்புப் படிக்கிற ஜெனோவா இன்னும் அந்த ஒரு சொல்லையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண். பாலினம் என்ற கட்டத்துக்கு எதிரே திங்கட்கிழமை அவளே அடித்த சொல். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, மனித எலும்புதான், மண்டையோடு மட்டும், கீழ்த்தாடை இல்லை, வயது முப்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குள், இறந்து ஓராண்டுக்கு மேல் இருக்கலாம், உப்பளத்து வரப்பை அகலப்படுத்த மண் தோண்டியபோது கிடைத்தது, தோண்டின இயந்திரத்தின் பல் பட்டு வலது பக்கம் புதிதாக ஒரு கீறல். பிரிண்டரை அழுத்தினால் மூன்று பக்கம் வரும். அதை வாங்கிப்போக வெளியே வராந்தா பெஞ்சில் ஏட்டு சுடலைமணி உட்கார்ந்திருக்கிறார், செல்போனில் யாரோ மீன்குழம்பு வைப்பதைச் சத்தமாகப் பார்த்துக்கொண்டு. அந்தச் சொல் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில் ஜெனோவாவுக்குச் சந்தேகம் இல்லை. பதினாலு மாதமாகக் காணாமல் போயிருக்கிற இசக்கித்தாய் என்ற உப்பளத்துப் பெண்ணின் ஃபைலையும் இந்த மண்டையோட்டையும் ஒரே மேஜையில் யாரும் வைக்கமாட்டார்கள். போட்டோவோடு பொருத்திப் பார்க்க அனுப்பமாட்டார்கள், பல்லை எடுத்து மரபணு பார்க்கமாட்டார்கள், எதற்குப் பார்க்கவேண்டும், இது ஆம்பளை, அவள் பொம்பளை. வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த எவனோ ஒருத்தன், கேட்க ஆளில்லை, கட்டி வை. கங்காணியோடு சண்டை போட்ட மறுநாள் காணாமல் போனவள் காணாமல் போனவளாகவே இருந்துவிடுவாள். இத்தனையையும் செய்ய ஒரு சொல் போதும், அதையும் அவளே அடித்திருக்கிறாள், அடித்துவிட்டு டீ குடித்திருக்கிறாள்.

மண்டையோடு இடது கைப்பக்கம் எனாமல் தட்டில், பஞ்சு வளையத்தின் மேல், ஜன்னலைப் பார்த்து இருந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்ததால் அங்கங்கே வெள்ளை பூத்திருந்தது. திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அதைக் கையில் எடுத்தபோதுதான் ஆஸ்பத்திரிக் குழந்தைக் காப்பகத்து ஆயா ஃபோன் செய்தாள், பாப்பாவுக்கு உடம்பு சுடுதும்மா, வாரியளா மாத்திரை குடுக்கவா என்று. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நூற்றொன்றா நூற்றிரண்டா என்று கேட்டுக்கொண்டே, அளவுத்தாளை நிரப்பியவள் அவள்தான். ஐந்து இடம், ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் ஐந்தைந்து படம். ஒன்று என்றால் வழவழப்பு, மென்மை, பெண். ஐந்து என்றால் தடிப்பு, முரடு, ஆண். முகவாய் பார்க்கத் தாடை இல்லை, அது போயிற்று. புருவ மேடு மூன்று. காதுக்குப் பின்னால் எலும்பு கீழ்நோக்கி இறங்குகிற முண்டு, மாஸ்டாய்டு என்பது, கட்டைவிரல் பருமன், ஐந்து. பிடரியில் கழுத்துத் தசை வந்து பிடிக்கிற மேடு, கொக்கி மாதிரி, சட்டையை மாட்டித் தொங்கவிடலாம், ஐந்து. கண்குழியின் மேல்விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், கூர்மை. எவர்சில்வர் தட்டின் விளிம்பு மாதிரி. இரண்டு என்று பென்சிலால் எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தால் அந்த இரண்டு மட்டும் தனியாக நின்றது. மற்றதெல்லாம் ஒரு பக்கம் போகும்போது ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை என்றால் கோளாறு எலும்பில் இல்லை, உன் விரலில் என்று முதல் வருஷத்திலிருந்து இந்தத் துறையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரப்பரை எடுத்து அழித்து மூன்று என்று போட்டாள். நூற்றொன்றுதான், மாத்திரை கொடுங்கள் என்று ஃபோனில் சொன்னாள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தாள். அழித்த இடம் இப்போதும் தாளில் லேசாக மெழுகு பிடித்தாற்போல் மினுங்குகிறது, சாய்த்துப் பிடித்தால் அந்த இரண்டின் வால் தெரிகிறது. யாரும் சாய்த்துப் பிடிக்கப் போவதில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல், யாருமே சாய்த்துப் பிடிக்கப் போவதில்லை.

பேராசிரியர் சாய்த்துப் பார்க்கவில்லை. மண்டையோட்டைப் பஞ்சிலிருந்து எடுத்துச் சமமான மேஜையில் வைத்தார், அது காதுப்பின் முண்டுகள் இரண்டின் மேலும் சம்மணம் போட்ட மாதிரி ஆடாமல் உட்கார்ந்தது. பார்த்தியா, ஆம்பளை உட்கார்ற மாதிரியே உட்கார்றான் என்றார். பெண் மண்டையோடு என்றால் பின்னந்தலை தரையில் படச் சாய்ந்து நிற்கும் என்பது அவருடைய ஆசிரியர் அவருக்குச் சொன்னது, அவருக்கு யார் சொன்னார்களோ. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்படியே இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போட்டு, நீங்க நினைச்ச மாதிரிதான், ஆண், ரிப்போர்ட் வியாழக்கிழமை என்றார். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நீங்க நினைச்ச மாதிரிதான் என்றால் என்ன அர்த்தம், எலும்பைப் பார்ப்பதற்கு முன்பே அவர் எதற்கு நினைக்கவேண்டும். இதை அன்றைக்குக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்கிறாள், அதுவும் மனசுக்குள். எதிர்ச்சுவரில் கண்ணாடி அலமாரி. உள்ளே பாடம் நடத்துகிற மண்டையோடுகள் முப்பத்தாறு, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பு மையில் ஆண், பெண் என்று ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்து. பெண் ஆறு. ஆறும் சின்னது, ஆறும் வழவழப்பு. எல்லாம் கேட்பாரில்லாத உடல்கள், பதிவேடு ஒரு மழைக்காலத்தில் நனைந்து போனது, அப்புறம் எப்படி எழுதினார்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, பார்த்து எழுதினதுதான் என்றார் மியூசியம் உதவியாளர். பார்த்து எழுதினது. பெரிசாக இருந்தால் ஆண் என்று எழுதிவைத்துவிட்டு, அதையே காட்டி, ஆண் என்றால் பெரிசாக இருக்கும் என்று வருஷாவருஷம் நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த முப்பது பேரில் எத்தனை பொம்பளைகள் ஆம்பளை என்று எழுதின நெற்றியோடு உட்கார்ந்திருக்கிறார்களோ, செங்கல் சுமந்தவள், தண்ணீர் சுமந்தவள், விறகு சுமந்தவள். புத்தகத்துப் படங்கள் எங்கோ குளிர்நாட்டில் மரப்பெட்டியில் புதைத்தவர்களின் தலைகள். அந்தப் பெண்கள் தலையில் தொப்பிக்கு மேல் எதையாவது வைத்திருப்பார்களா. இந்தக் கடற்கரையில் எவளுடைய தலையையும் எவனும் அளந்ததில்லை. அளக்காமலே ஐந்து.

அவளும் அப்படியே விட்டிருப்பாள். விட்டுவிட்டுத்தான் இருந்தாள், இன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பூங்கனி வரும்வரை. இசக்கித்தாயின் தங்கை. போன வாரம் மண்டையோடு கிடைத்த சேதி கேட்டு ஓடிவந்து பிணவறை வாசலில் மூன்று நாள் விழுந்து கிடந்தவள், திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து அது உங்க அக்கா இல்ல, ஆம்பளை என்று சொன்னபிறகு ஊருக்குப் போனவள், இன்று தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கையில் மஞ்சள் பையில் கருப்பட்டி மிட்டாய், அரைக் கிலோ. நல்ல வார்த்த சொன்னிய டாக்டரம்மா, உங்க வாய்க்குச் சீனி போடணும் என்று நீட்டினாள். அக்கா எங்கேயோ உசிரோடு இருக்கிறாள், திருப்பூர்ல பாத்தேன்னு ஒருத்தி சொல்லுதா, கோயிலில் பொங்கல் வைத்துவிட்டேன், இனி அவளாகத் திரும்பி வருவாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஜெனோவாவுக்குக் கை நீளவில்லை. பேச்சு ஓட்டத்தில் பூங்கனி கழுத்தை வலதும் இடதுமாகச் சொடக்கு எடுத்தாள், நாள் முழுக்க உப்புப் பெட்டி சுமந்தால் இங்கன பிடிச்சுக்கிடும், எங்க ரெண்டு பேருக்குமே பதிமூணு வயசுலருந்து இதே சும்மாடுதான் என்று பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள், அப்போது கொண்டை விலகிப் பிடரி தெரிந்தது. ஜெனோவா என்ன நினைத்தாளோ, நான் உங்க தலையத் தொட்டுப் பாக்கலாமா என்று கேட்டுவிட்டாள். பேன்லாம் கிடையாது, நேத்துதான் சீயக்கா போட்டேன் என்று சிரித்தபடி பூங்கனி திரும்பி நின்றாள். நல்லெண்ணெய் வாசனை, மல்லிகை, அடியில் வேர்வை. காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். கட்டைவிரல் பருமன். மயிருக்குள் விரலை விட்டுப் பிடரியின் நடுவுக்கு வந்தாள். கொக்கி. தோலுக்குக் கீழே, சூடாக, உயிரோடு, அதே கொக்கி. இரண்டு பிள்ளை பெற்றவளுடைய பிடரியில் அவள் போட்டுவைத்திருந்த ஐந்து. விரலை எடுத்து முன்னால் வந்து, கண்ணை மூடிக்குங்க என்று சொல்லி, புருவத்துக்குக் கீழே விளிம்பை மெதுவாகத் தடவினாள். தட்டின் விளிம்பு. என்னம்மா, காய்ச்சல் பாக்கியளா என்று கேட்டாள் பூங்கனி. ஆமாம், ஒன்றுமில்லை என்றாள் ஜெனோவா. ஒன்றுமில்லையாம். மிட்டாய்ப் பை இப்போது மேஜைக்கு அடியில், கால் படாத தூரத்தில். பூங்கனி நாலரை மணி பஸ்ஸுக்காக வெளியே சைக்கிள் நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறாள், ஜன்னல் வழியாகப் பூவின் வெள்ளை மட்டும் தெரிகிறது.

இதனால் என்ன நிரூபணமாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. சுமை தூக்கினால் எலும்பு தடிக்கும் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியாது, குடும்ப வாகாக இருக்கலாம், ஒருத்தி தலையைத் தொட்டுவிட்டு இன்னொருத்தியைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஜோசியம், தட்டில் இருப்பவர் நிஜமாகவே எவனோ ஒரு மெலிந்த ஆம்பளையாகவும் இருக்கலாம். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று எழுதியிருக்கிறாள், அது மட்டும் நிச்சயம். அந்த ரப்பர் நிச்சயம். கதவு திறந்தது, ஏட்டு தலையை நீட்டினார். ஆச்சா டாக்டரம்மா, இன்ஸ்பெக்டர் ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாரு. பிரிண்டர் கோளாறு என்றாள், அந்தப் பொய் அத்தனை சுலபமாக வந்தது. அவர் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார், நல்ல மனுஷர், தொந்தியும் விபூதியுமாக, எல்லா வருஷமும் மகள் மார்க்ஷீட்டைக் காட்டி எந்தக் கோர்ஸ் சேர்க்கலாம் என்று கேட்பவர். அந்தப் பொம்பள இன்னும் இங்கனதான் உக்காந்திருக்கா, பாத்தியளா, அவ அக்காவும் அப்படித்தான், வாய் கொஞ்சம் நீளம், பண்ணைக்காரங்ககிட்டயே சட்டம் பேசுவா என்றார். அப்புறம் அதே குரலில், வரும்போது காப்பகத்துப் பக்கம் எட்டிப் பாத்தேன், பாப்பா முழிச்சுக் கிடந்தா, அப்படியே உங்க சாட என்றார். சிரித்தார். அவளும் சிரித்தாள், கான்வென்டில் பழக்கின சிரிப்பு, பல் தெரியாமல். அவர் வெளியே போனபிறகுதான் உறைத்தது. எதற்கு எட்டிப் பார்த்தார். அவர் காப்பகத்துப் பக்கம் போகவேண்டிய வழியே இல்லை, அது மகப்பேறு வார்டுக்குப் பின்னால். சும்மா அன்பில் சொல்லியிருப்பார். அன்பில் சொல்வதும் அப்படித்தான் இருக்கும், மற்றபடி சொல்வதும் அப்படித்தான் இருக்கும், பயந்தவளால் பிரித்துப் பார்க்க முடியாதபடிதான் அதை வைத்திருக்கிறார்கள். இதை நினைத்ததும் பயத்தைவிடப் பெரிதாக ஒரு கோபம் எழும்பியது, பால் கட்டின மார்பு வலிக்கிற மாதிரி, இறுகி, சுட்டுக்கொண்டு. என் பிள்ளையைப் பார்த்து ஏன் சாடை சொல்கிறாய். உனக்கு எவன் கொடுத்தது அந்த உரிமை.

மூன்று அடித்தது. மூன்று மணிக்கு அமலிக்குப் பால் கொடுக்கவேண்டும், உடம்பு அதைக் கடிகாரத்தைவிடச் சரியாகச் சொல்லிவிடும், இரண்டு மார்பும் கல்லாகி, ஜாக்கெட்டுக்குள் மடித்துவைத்த துணி நனைய ஆரம்பித்தது. இந்நேரம் அழுவாள். எட்டு மாதம். அழும்போது உச்சிக்குழி துடிக்கும், இன்னும் மூடாத எலும்பு, விரல் வைத்தால் அடியில் நாடி. இந்தப் படிப்புக்கு வந்ததிலிருந்து ஜெனோவாவுக்கு எந்த முகமும் முகமாக இல்லை, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவளின் நெற்றிச் சரிவு, புருஷன் லியோன் தூங்கும்போது தாடைக் கோணம், தட்டில் வைத்தால் எப்படி உட்காரும் என்று கண் தானாக அளக்கிறது. பிள்ளையை மட்டும் அப்படிப் பார்ப்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தாள், ஆனால் முதல் மாதம் குளிப்பாட்ட வந்த மரியதங்கம் குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, வெந்நீர் சொட்டச் சொட்ட, நெற்றியை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விட்டாளே, பொட்டப்பிள்ளைக்கு நெத்தி எடுத்து நிக்கக்கூடாதும்மா, இப்ப அமுக்கினாத்தான் உண்டு, அப்புறம் யாரு கட்டுவா என்று, அப்போது தட்டிவிடாமல் நின்றாளே. பிறந்து பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் ஒருத்தி எலும்பில் கையை வைத்துவிட்டாள், மென்மையாக இரு, ஒன்றில் இரு. கான்வென்டில் மதர் மக்தலேனாள் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நீதிபோதனைப் புத்தகத்தைத் தலையில் வைத்து முப்பது பெண்களை நீள வராந்தாவில் நடக்கவிடுவார், கழுத்து நிமிர்ந்து இருக்கவேண்டும், பாதம் சத்தம் போடக்கூடாது, கேட்டால் மட்டும் பேசவேண்டும். புத்தகம் கால் கிலோ இருக்குமா. விழாமல் நடந்தவளுக்கு ஒரு ஹோலி பிக்சர், புனிதர் படம். ஜெனோவாவிடம் பதினேழு படம் சேர்ந்தது. அதே வெள்ளிக்கிழமை அதே வெயிலில் பத்து மைல் தள்ளி, அவள் வயதையொத்த ஒருத்தி இருபத்தைந்து கிலோவைத் தலையில் வைத்து வரப்பில் நடந்துகொண்டிருந்தாள், பள்ளத்திலிருந்து உப்பு அம்பாரத்துக்கு, அம்பாரத்திலிருந்து பள்ளத்துக்கு, அவளுக்கு யாரும் படம் கொடுக்கவில்லை. கடைசியில் நடை பழகினவள் வந்து, சுமந்தவளைப் பார்த்து, நீ பொம்பளையே இல்லை என்று எழுதிக்கொடுக்கிறாள். எழுதிவிட்டு மிட்டாய் வாங்கிக்கொள்கிறாள். சண்டைபோட்ட வாயை எவனோ அடைத்தான் என்றால், மிச்சமிருந்த ஒரே ஒரு விஷயத்தை, அவள் அவள்தான் என்பதை, நான் அல்லவா அழித்தேன், ரப்பரால்.

சரி, எழுதாவிட்டால் என்ன. எழுதாவிட்டால் எல்லோருக்கும் சுகம். பேராசிரியர் ஒருமுறை சொன்னதை மாற்றவேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் நினைத்த மாதிரியே இருக்கும். உப்பளத்துப் பண்ணைக்காரர் வரப்பை அகலப்படுத்திக்கொள்வார். பூங்கனிக்குத் திருப்பூரில் ஒரு அக்கா இருப்பாள், எந்நேரமும் பஸ்ஸிலிருந்து இறங்கப்போகிற அக்கா. ஜெனோவா அடுத்த மாதம் பரீட்சை எழுதுவாள், செய்முறைத் தேர்வில் அருணகிரி சார் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். அமலி வளர்வாள். இத்தனை பேருடைய நிம்மதிக்கு நடுவில் அந்தத் தட்டில் இருப்பது ஒன்றுதான் இடைஞ்சல், அதற்கும் வாயில் பாதி இல்லை. என்ன அழகான ஏற்பாடு. இதில் அதிகமாக எரிவது பூங்கனியை நினைத்தால்தான், அவள்மேல் இரக்கம் என்று சொல்லிக்கொண்டு இந்தப் பொய்யை அவளுக்கு ஒரு பரிசு மாதிரி வைத்துக்கொள்ளலாம், பாவம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று. அந்தப் பாவம் என்கிற வார்த்தைக்குள் எத்தனை சௌகரியம். லியோனிடம் கேட்டால் அதைத்தான் சொல்வான், உனக்கு எதுக்கு ஜெனி, கைக்குழந்தை இருக்கு. கைக்குழந்தை இருக்கு, கைக்குழந்தை இருக்கு, ஒரு பிள்ளையைப் பெற்றால் அதற்கப்புறம் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல லைசென்ஸ் கிடைத்துவிடுமா, அந்த இசக்கித்தாய்க்குப் பிள்ளை இல்லையா, மூத்தது பத்தாவது படிக்கிறது என்று பூங்கனி சொன்னாளே. விரல் விசையில் இருந்தது. ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. ஆண் போயிற்று. கட்டம் காலியாக நின்றது. பெண் என்று அடிக்கத்தான் கை துடித்தது, கோபத்துக்கு அது எவ்வளவு ருசியாக இருக்கும், ஆனால் அதுவும் ரப்பர் வேலைதான், திசை மட்டும் வேறு. மெதுவாக அடித்தாள். மண்டையோட்டை மட்டும் வைத்துப் பாலினத்தை உறுதிசெய்ய இயலவில்லை. பிடரி மேடும் காதுப்பின் முண்டும் தடித்துள்ளன, கண்குழி விளிம்பு கூர்மையாக உள்ளது. இப்பகுதியில் இளம் வயதிலிருந்து தலைச்சுமை சுமக்கும் பெண்களின் மண்டையோட்டு அளவுகள் எங்கும் பதிவாகவில்லை, ஆகவே தடிப்பை ஆணுக்கான அடையாளமாகக் கொள்ள முடியாது. பெண்ணாக இருக்கும் வாய்ப்பை விலக்க இயலாது. மேல்தாடைப் பற்களிலிருந்து மரபணுப் பரிசோதனையும், காணாமல் போனவர்களின் புகைப்படங்களோடு, பெண்கள் உட்பட, ஒப்பீடும் பரிந்துரைக்கப்படுகிறது. கடைசியாக ஒரு வரி. திங்கட்கிழமை தயாரித்த முதல் அளவுத்தாளில் கண்குழி மதிப்பு என்னால் திருத்தப்பட்டது, அத்திருத்தம் தவறு, அத்தாள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அந்த வரியில் மட்டும் மூன்று முறை எழுத்துப்பிழை வந்தது. துணி முழுக்க நனைந்து பால் வயிற்றுக்கு இறங்கியிருந்தது.

மூன்றே முக்காலுக்குப் பேராசிரியர் வந்தார், கோர்ட்டில் கால் கடுக்க நின்ற எரிச்சலோடு, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே. மூன்றாம் பக்கத்தில் நின்றார். திரும்ப இரண்டாம் பக்கத்துக்குப் போனார். திங்கக்கிழமை ஆம்பளை, வியாழக்கிழமை தெரியலையா, வக்கீல் என்னைக் கூண்டுல நிக்கவச்சுக் கேப்பான், புதன்கிழமை என்ன ஆச்சுன்னு, என்றார். ஜெனோவா அளவுத்தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். பிள்ளைக்குக் காய்ச்சல்னு அன்னைக்கே லீவு போட்டிருக்கலாமே என்றார். சுமை தூக்குறவங்க பிடரின்னு எழுதியிருக்கியே, எந்தப் புஸ்தகத்துல இருக்கு.

"எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல சார். அதத்தான் எழுதியிருக்கேன்."

குரல் மெல்லியதாக இல்லை, மதர் மக்தலேனாள் கேட்டிருந்தால் வராந்தாவுக்கு அனுப்பியிருக்கும் குரல். வெளியே மீன்குழம்புச் சத்தம் நின்றுபோனது. பேராசிரியர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தட்டிலிருந்து மண்டையோட்டை எடுத்தார். மேஜையில் உட்காரவைக்கவில்லை. கண்குழிக்குள் கட்டைவிரலை விட்டு விளிம்பில் இப்படியும் அப்படியும் இழுத்தார், இடது, பிறகு வலது, பிறகு திரும்ப இடது. ரொம்ப நேரம். அவர் மூச்சு விடுவது கேட்டது. திரும்பத் தட்டில் வைத்தார். முதல் கையெழுத்து உன்னுடையது, என்றார், கேள்வி வந்தா நீதான் போய் நிக்கணும், பிள்ளையத் தூக்கிட்டுப் போய் நின்னாலும் சரி. அவள் போட்டாள். அவர் அவள் பெயருக்குக் கீழே பார்வையிடப்பட்டது என்று எழுதினார். வழக்கமாக எழுதுகிற ஒப்புதல் அளிக்கப்படுகிறது என்பதை எழுதவில்லை. கோழை என்று நினைத்தாள், அந்த நினைப்பு முடியுமுன்னே, திங்கட்கிழமை தான் எழுதியதற்கு என்ன பெயர் என்றும் நினைத்தாள். உறையை வாங்கின ஏட்டு எதையும் படிக்கவில்லை, ஆனால் உள்ளே பேசினது அவருக்குக் கேட்டிருந்தது. பாப்பாவப் பாத்துக்கிடுங்க டாக்டரம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. பாத்துக்கிடுவேன், நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க என்றாள், அப்படிச் சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

காப்பகத்துக்கு இடது பக்கம் போகவேண்டும், சைக்கிள் நிறுத்தத்துக்கு வலது பக்கம். நாலே கால். அமலி அழுது அழுது தூங்கியிருப்பாள். கால் இடது பக்கம் இரண்டு எட்டு வைத்தது, பிறகு வலது பக்கம் திரும்பியது. மார்புக்குக் குறுக்கே கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். பூங்கனி எழுந்து நின்று, பஸ்ஸுக்கு நேரமாச்சு, சொல்லிட்டுப் போலாம்னு பாத்தேன் என்றாள். உட்காரச் சொல்லலாமா, தோளைத் தொடலாமா, சேதி சொல்வதற்குப் பாடத்தில் ஏதோ முறை இருந்தது, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உங்க அக்கா சிரிச்ச மாதிரி போட்டோ இருக்கா, மேல்பல் தெரியணும் என்று நேராகக் கேட்டாள். எதுக்கு, அதுதான் ஆம்பளைன்னு சொல்லியாச்சே என்றாள் பூங்கனி, சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. தெரியாமச் சொல்லிட்டேன், ஆணா பெண்ணான்னே எனக்குத் தெரியல, அக்காவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், போட்டோ வச்சுப் பாத்தாத்தான் என்று ஜெனோவா சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு இருந்த இடம் காலியாகிவிட்டது. பூங்கனி தலையிலிருந்து பூவை இழுத்துக் கையில் சுருட்டினாள். அவள் அழவில்லை. ஜெனோவா இரண்டு மணியிலிருந்து நெஞ்சில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்த கோபமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்பதுபோல ஒரு கோபம் அந்த முகத்தில் வந்து நின்றது, அது அவளைப் பார்த்துத்தான் நின்றது.

"மூணு ராத்திரி உறங்கினேன் டாக்டரம்மா. பதினாலு மாசத்துல மூணே மூணு. தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சும்மா இருந்திருப்பேன்லா."

மன்னிப்பு என்ற சொல் ஜெனோவாவின் வாய்வரை வந்து, அதையும் இவளே தாங்கிக்கொள்ள வேண்டுமா என்று தோன்றி, திரும்பிப் போயிற்று. பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பூங்கனி ஏறவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து செல்போனை எடுத்து, திரையைத் தாவணி வயதுப் பெண்போல மார்போடு சேர்த்து மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். எல்லாத்திலும் வாயைப் பொத்திட்டு நிப்பா, பல்லு எடுப்புன்னு வெக்கம் என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி. சடங்கு வீடு, கோயில் கொடை, ரேஷன் கடை வரிசை, எல்லாவற்றிலும் ஒரு கை வாய்மேல். தள்ளிக்கொண்டே வந்த விரல் ஒன்றில் நின்றது. நீட்டினாள், ஆனால் கையை விட்டுக் கொடுக்கவில்லை. ஆமான்னாலும் இல்லன்னாலும் என்கிட்டதான் முதல்ல சொல்லணும், அந்த ஏட்டுகிட்ட இல்ல என்றாள். சரி என்றாள் ஜெனோவா. வெள்ளை அம்பாரத்துக்கு முன்னால், கண்கூசும் வெயிலில், தலையில் உப்புப் பெட்டியோடு ஒருத்தி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், யாரோ பக்கத்தில் ஏதோ கேலி சொல்லியிருக்கவேண்டும், கடைவாய்வரை தெரிந்தது.

"ரெண்டு கையும் பெட்டியப் பிடிச்சிருந்துச்சு," என்றாள் பூங்கனி, "அதான் பொத்த முடியல."